துளை பொருந்தாத டாங்கி: பழைய லேண்ட் ரோவருக்கு மாற்று எண்ணெய் டாங்கி பொருத்துவது எப்படி?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பா தோட்டத்தில் வேலை செய்தபோது வாங்கிய லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வண்டி, முன்பின் சக்கர இடைவெளி 88 அங்குலம், பெட்ரோல். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் உள்ள டாங்கி மடிப்பு ஓரத்தில் கசிகிறது. மாற்று டாங்கி வாங்கிவிட்டோம். முன்பக்கத் துளைகள் பொருந்துகின்றன. பின்பக்கத் துளைகள் அரை அங்குலம் விலகி நிற்கின்றன. துளையைப் பெரிதாக்கலாம், இல்லாவிட்டால் இரும்புப் பட்டை போட்டுக் கட்டிவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். பழைய டாங்கிக்கே வெல்டிங் வைத்துவிடலாமா என்றும் யோசிக்கிறோம். புதியதைத் தூக்கிவைத்துக் கம்பியை மாட்டிப் பார்த்தபோது எண்ணெய் மீட்டர் அசையவே இல்லை. என்ன செய்வது?

பதில்:

தம்பி, வெல்டிங் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். மற்ற எதில் தவறினாலும் காசோடு போகும். இதில் தவறினால் ஆளே போய்விடுவார். பெட்ரோல் இருந்த டாங்கியை எந்தக் காரணத்துக்காகவும் வெல்டிங் முனைக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். "காலி டாங்கிதானே, நன்றாகக் கழுவிவிட்டோமே" என்பார்கள். காலி டாங்கிதான் நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது. நிறைந்த டாங்கிக்குள் காற்றுக்கு இடமில்லை. காலி டாங்கிக்குள் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. அந்தக் கலவையில் பெட்ரோல் ஆவி நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 பங்கு வரை இருந்தால் வெடிக்க ஒரு பொறி போதும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடப் பற்றும் அளவுக்கு ஆவி விடுகிற பொருள் பெட்ரோல். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

கழுவினால் போய்விடும் என்பதும் சரியில்லை. உங்கள் டாங்கி கசிவது மடிப்பு ஓரத்தில். இரண்டு தகடுகளைச் சேர்த்து ஒட்டிய அந்த இடுக்கிலும், உள்சுவர் துருவின் நுண்துளைகளிலும் பெட்ரோல் ஊறி நிற்கும். சோப்புத் தண்ணீர் அங்கே எட்டாது. வெல்டிங்கின் சூடு எட்டும். சூடு பட்டதும் அது ஆவியாகி உள்ளே பரவும். நெடுநேரம் நீராவி விட்டு, உள்ளே எரியாத வாயுவை நிரப்பி இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் டாங்கிக்கு அந்தச் செலவு தகாது. மடிப்பில் கசியத் தொடங்கிய டாங்கி அந்த ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருக்காது. அடித்தகட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்வாங்கினால் தகடு காகிதமாகிவிட்டது என்று பொருள்; ஒரு துளையை அடைக்கப் போய் பக்கத்தில் மூன்று துளை விழும். புதிய டாங்கி வாங்கியது சரியான முடிவு.

இனி அந்த அரை அங்குலத்துக்கு வருவோம். உங்கள் பட்டறைக்காரர் சொன்ன இரண்டு வழிகளுமே வேண்டாம். டாங்கியின் ஓர மடிப்பில் உள்ள துளையைப் பெரிதாக்கினால் மடிப்பின் ஒட்டு வரை வெட்டு போகலாம். ஒட்டு திறந்தால் புதிய டாங்கியும் முதல் நாளிலேயே கசியும். பட்டை போட்டுக் கட்டுவது இன்னும் மோசம். பட்டையால் தாங்கப்படுகிற டாங்கிகள் சில வண்டிகளில் உண்டு. அவற்றில் பட்டை உட்காரத் தகட்டிலேயே பள்ளம் அமைத்திருப்பார்கள், இடையில் ரப்பர் நாடா இருக்கும். சீரிஸ் வண்டியின் டாங்கி அப்படிச் செய்யப்பட்டதன்று. வெறும் பட்டை தகட்டின் மேல் தேய்த்துத் தேய்த்துப் பெயிண்டை உரிக்கும். அடியில் ஈரம் தங்கும். பட்டை இருந்த கோட்டிலேயே டாங்கி அறுந்துவரும்.

விலகல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பழைய டாங்கியையும் புதிய டாங்கியையும் சமதரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்துளையிலிருந்து பின்துளை வரை இரண்டிலும் அளந்து பாருங்கள். குறுக்காகவும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு டாங்கிகளின் அளவும் ஒன்றாக இருந்தால் புதிய டாங்கியில் குற்றமில்லை; உங்கள் சேசிஸின் பக்கக் கை நகர்ந்திருக்கிறது. நடு இரும்புச் சட்டத்திலிருந்து வெளியே நீண்டு டாங்கியைத் தாங்குகிறதே, அதைத்தான் சொல்கிறேன். அளவுகள் வேறுபட்டால் வேறு வகை வண்டியின் டாங்கி உங்கள் கைக்கு வந்திருக்கிறது, இல்லாவிட்டால் செய்தவர்கள் துளையைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். வாங்கிய இடத்திலேயே மாற்றிக் கேளுங்கள். பெட்ரோல் டாங்கிக்கும் டீசல் டாங்கிக்கும் குழாய் இணைப்புகளில் வேறுபாடு உண்டு. டீசலில் மீதி எண்ணெய் திரும்பி வருவதற்கு இன்னொரு குழாய் வேண்டும். எனவே மாற்றும்போது வண்டியின் வகை, ஆண்டு, பெட்ரோலா டீசலா என்பதையெல்லாம் சொல்லியே கேளுங்கள்.

பழைய டாங்கியின் துளைகளையும் உற்றுப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், உங்களுக்கு முன்னரே யாரோ அதை வலுக்கட்டாயமாக மாட்டியிருக்கிறார்கள். அந்த மடிப்பில் கசிவு தொடங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தோட்டத்து வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம். பக்கக் கை துருவேறி உடைந்திருக்கும். தோட்டத்துப் பட்டறையில் கையில் கிடைத்த இரும்பை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். மறுநாள் காலையில் வண்டி ரப்பர் பால் ஏற்றப் போயாக வேண்டும். அன்றைக்கு அது நல்ல வேலைதான். ஆனால் அந்தக் கோணல் இன்று உங்கள் டாங்கியின் தலையில் வந்து விடிகிறது.

இந்த வண்டியில் டாங்கி எப்படித் தொங்குகிறது என்பது புரிந்துவிட்டால் மற்ற எல்லாமே எளிது. லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்டது. (அதே ஆண்டு ஜூன் 16 அன்றுதான் நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து வந்த அவசரகாலத்தில் இந்த வண்டி தோட்டம் தோட்டமாக ஓடியது.) உங்களுடையது 1971க்கும் 1985க்கும் இடையில் வந்த சீரிஸ் என்றாலும் எலும்புக்கூடு அதே பரம்பரைதான்: இரண்டு நீளச் சட்டங்கள், குறுக்கே கட்டைகள், ஏணி போன்ற அமைப்பு, நான்கு மூலையிலும் பட்டை வில்கள் (லீஃப் ஸ்பிரிங்). செம்பனைக் காட்டுப் பாதையில் வலது முன்சக்கரம் பள்ளத்திலும் இடது பின்சக்கரம் மேட்டிலும் ஏறும்போது அந்த ஏணி முறுக்கிக்கொள்ளும்.  மெல்லிய தகட்டாலான டாங்கியால் அப்படி முறுக்க முடியாது. நான்கு மூலையையும் இரும்போடு இரும்பாக இறுக்கிவிட்டால், சேசிஸ் ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் டாங்கியின் மடிப்பையும் சேர்த்துத் திருகும். லிந்தாங், லாசா பக்கத்துத் தோட்டப் பாதைகளில் சில மாதங்கள் ஓடினால் போதும், ஒட்டு விட்டுவிடும்.

இதற்காகத்தான் போல்ட்டைச் சுற்றி வைக்கிற ரப்பர் புஷ். இடுப்பில் குடம் சுமக்கிற பெண் குடத்தை இறுகத்தான் அணைத்திருப்பாள்; ஆனாலும் நடையின் குலுக்கலைக் கை வாங்கிக்கொள்ளும், தண்ணீர் தளும்பாது. ரப்பர் செய்கிற வேலை அதுதான். அதனால் கழற்றும்போது எந்தப் போல்ட்டில் ரப்பர் இருந்தது, மேலே எந்த வாஷர், கீழே எந்த வாஷர், நடுவே சிறிய இரும்புக் குழல் இருந்ததா என்பதை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வையுங்கள். பழைய ரப்பர் கருகிக் கல்லாகி இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள், மாதிரிக்கு வேண்டும். டயர் ட்யூபை வெட்டி மடித்து வைப்பதைப் பலர் செய்கிறார்கள். அது நசுங்கிப் பிதுங்கி வெளியே வந்துவிடும், போல்ட் தளரும். நல்ல ரப்பர் புஷ்ஷுக்கு ஆகும் சில வெள்ளியில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பக்கக் கைதான் நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டதா? அதைச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக் கேளுங்கள். 'டங்' என்று திடமான ஓசை வந்தால் இரும்பு நல்லது. வளைவை நேராக்கினால் போதும். ஓசை மழுங்கி, உள்ளே துருப்பொடி உதிரும் சத்தம் கேட்டால் அந்தக் கையையே வெட்டி எடுத்துவிட்டுப் புதியது பற்றவைக்க வேண்டும். இது தனி உதிரிப்பாகமாகவே கிடைக்கிறது. பற்றவைக்கும்போது அளவு பார்க்கப் புதிய டாங்கியையே வைத்துப் பிடிக்காதீர்கள். ஒரு பிளைவுட் பலகையை எடுத்து, புதிய டாங்கியின் துளைகளை அப்படியே அதில் குறித்துத் துளையிடுங்கள். அந்தப் பலகையை முன்பக்கக் கையிலும் பின்பக்கக் கையிலும் போல்ட் போட்டு மாட்டிவிட்டுப் புள்ளிப் புள்ளியாக ஒட்டவையுங்கள். பிறகு பலகையைக் கழற்றிவிட்டு முழு வெல்டிங் போடலாம். இந்த வேலையின்போது பெட்ரோல் சம்பந்தப்பட்ட எதுவும் பட்டறைக்குள் இருக்கக்கூடாது. கழற்றிய டாங்கி, பெட்ரோல் பிடித்த கேன், நனைந்த துணி, எல்லாம் வெளியே, காற்றோட்டமான நிழலில். எரிபொருள் குழாயின் திறந்த முனையையும் அடைத்து வையுங்கள். பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளையும் கழற்றிவிடுங்கள்.

டாங்கியில்தான் துளை தள்ளி இருக்கிறது, மாற்றித் தர மறுக்கிறார்கள் என்றால், 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் ஓர் இடைத்துண்டு செய்து பக்கக் கையோடு போல்ட் போடுங்கள். டாங்கியின் துளை அந்த இடைத்துண்டின் துளையோடு சேரட்டும். திருத்தம் எதுவானாலும் சேசிஸ் பக்கம் இருக்கட்டும். டாங்கியின் தகட்டில் கோடுகூடப் போட வேண்டாம்.

கழற்றும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளம் தோண்டிய பட்டறையில் இதைச் செய்யாதீர்கள்; பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்துக்குள் இறங்கி அங்கேயே தேங்கும். பேட்டரியில் எர்த் கம்பியை (வண்டியின் இரும்போடு சேரும் கம்பி) முதலில் கழற்றுங்கள். அடித்திருகு வழியாக எண்ணெயை வடித்துக்கொள்ளுங்கள். திருகு சுற்றவில்லை என்றால் கைப்பம்பால் மேல்வழியாக உறிஞ்சுங்கள். வாயால் இழுக்கவே கூடாது. இருக்கைத் திண்டை எடுத்தால் டாங்கியின் மேல்மூடி தெரியும். மிதவைக் கருவியின் (எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று மீட்டருக்குச் சொல்வது) கம்பி, உறிஞ்சு குழாய், எண்ணெய் ஊற்றும் பெரிய ரப்பர் குழாய், காற்றுக் குழாய் என்று நான்கையும் விடுவித்துவிட்டு, டாங்கிக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கி, போல்ட்டுகளை எடுத்து மெதுவாக இறக்குங்கள். இந்த வண்டியில் பெரும்பாலும் அங்குல அளவு மரைகள். அரை அங்குல ஸ்பேனர் வேண்டிய இடத்தில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறத்தாழப் பொருந்துவதுபோல் இருக்கும். துருப்பிடித்த போல்ட்டில் அந்தச் சிறு இடைவெளியே தலையை வழித்துவிடும்.

பழைய டாங்கி வெளியே வந்ததும் அதன் மேல்தளத்தைப் பாருங்கள், தம்பி. மிதவைக் கருவியின் வட்ட மூடியைச் சுற்றிச் செம்மண் அடையாய்ப் படிந்திருக்கும். அதைக் கிளறினால் உள்ளே வெளிறிய பொடி தெரியலாம். அது பெரும்பாலும் உரம். செம்பனைக்கு அதிகமாக இடுவது பொட்டாசியம் குளோரைடு. ஈரம் பட்டால் அதுவும் கடல் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும். மூட்டையிலிருந்து சிந்தியது இருக்கைப் பெட்டியின் இடுக்கு வழியாக இறங்கி டாங்கியின் மேல் தங்கிவிடும். பால்மரக் காலத்தில் ஓடிய வண்டிகளில் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் சிந்தலும் சேர்ந்திருக்கும். லேண்ட் ரோவரின் மேல்கூடு அலுமினியக் கலவை என்பதால் வெளியிலிருந்து பார்க்க வண்டி கட்டுக்கோப்பாகவே இருக்கும். அடியில் இருக்கிற சேசிஸும் டாங்கியும் எஃகு. தோட்டத்து வண்டியை விலைக்கு வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அதனால் புதிய டாங்கி ஏறுவதற்கு முன் அந்த இடம் முழுவதையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். டாங்கியோடு வந்த கறுப்புப் பெயிண்டை நம்ப வேண்டாம். பல டாங்கிகளுக்கு அது கடை அலமாரி வரைக்கும்தான் காவல். இலேசாகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, மேலே இரண்டு கை நல்ல பெயிண்ட் அடியுங்கள். ஓர மடிப்பிலும் துளைகளின் உள்விளிம்பிலும் தூரிகையைப் பிடித்துப் பூசுங்கள். பெயிண்ட் இல்லாத இரும்பின் மேல் நேராகத் தார்ப்பூச்சு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பூச்சு வெடித்த இடத்தில் நீர் புகுந்தால் உள்ளேயே துரு பரவும். ஓட்டை விழும் வரை வெளியே தெரியாது.

டாங்கியின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். துளையிட்ட இரும்புச் சீவல்கள் கிடந்தால் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வடித்துவிடுங்கள். ஆனால் கசிவுச் சோதனை அதற்கும் முன்னால், ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடப் படாத நிலையில் நடக்க வேண்டும். எல்லாத் துளைகளையும் அடைத்து, ஒரு சிறு குழாய் வழியாக வாயால் ஊதும் அளவுக்கு மட்டும் காற்றைக் கொடுத்து, மடிப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கம்ப்ரசரை நேராக வைத்தால் தட்டையான தகடு உப்பி ஒட்டு விட்டுவிடும்.

இனிப் பொருத்துவது. இதில் வரிசை முக்கியம். ஜாக்கியால் டாங்கியைத் தூக்கி, எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் சில சுற்று மட்டும் ஏற்றுங்கள். ஒன்றைக்கூட இறுக்க வேண்டாம். டாங்கி கையால் அசைத்தால் அசையும் நிலையில் இருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் ரப்பர் குழாயை இரண்டு முனையிலும் மாட்டுங்கள். அது எந்தப் பக்கமும் இழுபடாமல், முறுக்கிக்கொள்ளாமல் தானாக உட்கார வேண்டும். அப்படி உட்காரும் இடம்தான் டாங்கியின் சரியான இடம். அதன் பிறகு போல்ட்டுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முதலில் டாங்கியை இறுக்கிவிட்டுப் பிறகு குழாயை இழுத்து மாட்டுகிறவர்களுக்கு, குழாயின் கழுத்து ஓர் ஆண்டுக்குள் வெடிக்கும். வளைவில் திரும்பும்போது பெட்ரோல் வாடை வருகிறது என்று சொல்லிக்கொண்டு வருகிற வண்டிகளில் முதலில் அந்தக் கழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது? நடுவே இரும்புக் குழல் உள்ள புஷ் என்றால் வாஷர் அந்தக் குழலில் முட்டும் வரை. ரப்பர் எவ்வளவு நசுங்க வேண்டும் என்பதை அந்தக் குழலே தீர்மானித்துவிடும். குழல் இல்லாத புஷ் என்றால் கண்தான் அளவு. வாஷரின் விளிம்புக்கு வெளியே ரப்பர் இலேசாகப் பிதுங்கத் தொடங்கும்போது நிறுத்துங்கள். தோசைக்கல் போல் தட்டையாகும் வரை இறுக்கினால் ரப்பர் இருந்தும் இல்லாததுதான். தானாகக் கழலாத நைலான் வளைய நட்டுகளைப் போடுங்கள். முழு டாங்கி ஏறத்தாழ 45 லிட்டர். பெட்ரோல் மட்டுமே ஏறத்தாழ 33 கிலோ. அந்த எடை குலுங்கும்போது சாதாரண நட்டு நாளடைவில் தளரும்.

காற்றுக் குழாயை இளக்காரமாக நினைக்காதீர்கள். அது டாங்கியிலிருந்து மேல்நோக்கி ஏறிச் செல்ல வேண்டும். நடுவில் தொய்வு விழுந்தால் அங்கே பெட்ரோல் தேங்கி வழியை அடைக்கும். அப்புறம் எண்ணெய் நிலையத்தில் ஊற்ற ஊற்ற 'குபுக்' என்று வெளியே துப்பும். எல்லா ரப்பர் குழாயும் பெட்ரோலுக்கென்று செய்ததாக இருக்கட்டும். ரேடியேட்டர் குழாய் பார்க்கத் தடிப்பாக இருக்கும். பெட்ரோல் பட்டால் ஊறிக் கொழகொழத்துவிடும். டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2019இல் நம் நிலையங்களில் விற்கும் சாதாரண டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து வரும் பங்கு நூற்றுக்குப் பத்தாக உயர்ந்தது. பழைய காலத்து ரப்பரை அது மென்மையாக்கும். பழைய டாங்கியின் அடிக்கசடையும் கிளப்பிவிடும். ஆகவே டீசலில் டாங்கி மாற்றினால் பழைய குழாய்களையும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இனி அசையாத மீட்டர். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது பழுதாக இருக்காது; எர்த் இணைப்பு இல்லாததே காரணமாக இருக்கலாம். பழைய டாங்கி, இறுகிக் கல்லான ரப்பரும் துருவும் சேர்ந்து சேசிஸோடு இரும்பாகவே ஒட்டியிருந்தது. அதனால் மின்சுற்று எப்படியோ பூர்த்தியானது. புதிய டாங்கி புதுப் பெயிண்டோடும் புது ரப்பரோடும் தொங்கப்போகிறது. மின்சாரத்துக்கு வழியே இருக்காது. நீங்கள் சும்மா தூக்கிவைத்துப் பார்த்தபோது ஒரு போல்ட்டுகூட இல்லை. மிதவைக் கருவியின் எர்த் முனையிலிருந்தோ, முனை இல்லாவிட்டால் அதன் திருகு ஒன்றிலிருந்தோ, கறுப்புக் கம்பி ஒன்றைப் பெயிண்ட் சுரண்டிய சேசிஸ் இரும்புக்கு இழுத்துக் கட்டுங்கள். பச்சையில் கறுப்புக் கோடு போட்ட கம்பிதான் மீட்டருக்குப் போவது. எண்ணெய் ஊற்றும் உலோகக் கழுத்துக்கும் டாங்கிக்கும் இடையே ரப்பர் குழாய் மட்டும் இருப்பதால் அங்கேயும் ஒரு சிறு எர்த் கம்பி போடுவது நல்லது. ஊற்றும்போது சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழி வேண்டும்.

மிதவைக் கருவியை மாட்டுவதற்கு முன்பே மல்டிமீட்டர் வைத்துச் சோதித்துவிடுங்கள். மிதவையைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தூக்கும்போது ஓம் அளவு தாவாமல், விட்டுவிட்டுப் போகாமல் சீராக மாற வேண்டும். சீரிஸ் 3 மீட்டருக்கு மிதவை அடியில் இருக்கும்போது மின்தடை அதிகமாகவும் மேலே போகும்போது குறைவாகவும் இருக்க வேண்டும். முந்தைய வகை மீட்டர்களுக்கு இது தலைகீழ். டாங்கியோடு பழைய வகைக் கருவி வந்திருந்தால் நிறைந்த டாங்கியைக் காலி என்றும் காலி டாங்கியை நிறைவு என்றும் மீட்டர் காட்டும். உறிஞ்சு குழாயின் நீளத்தையும் பாருங்கள். ஒரு சுத்தமான குச்சியை உள்ளே விட்டு டாங்கியின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். குழாயின் நுனி அடித்தகட்டைத் தொடாமல், ஆனால் அதற்கு நெருக்கமாக நிற்க வேண்டும். தொட்டால் எண்ணெய் ஏறாது, கசடுதான் ஏறும். அதிகம் மேலே நின்றால் பத்து லிட்டர் இருக்கும்போதே ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும்.

அந்தக் குழாயிலிருந்து எஞ்சின் பக்கத்து பம்ப் வரை உள்ள வழி முழுவதும் உறிஞ்சும் பக்கம். அங்கே இணைப்பு தளர்ந்திருந்தால் எண்ணெய் சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். ஊருக்குள் நன்றாக ஓடும் வண்டி, சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில் மூச்சு வாங்கி நிற்கும். கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் இந்த இணைப்புகளைப் பாருங்கள். பம்ப்பில் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் எஞ்சின் ஓடும்போது அதில் குமிழ்கள் தொடர்ந்து வருகின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். புதிய டாங்கி போட்ட முதல் வாரத்தில் அந்தக் கிண்ணத்தை இரண்டு மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

முதல் முறையே நிறைய ஊற்றிவிடாதீர்கள். ஐந்து லிட்டர் ஊற்றி, அடித்திருகையும் மடிப்புகளையும் காகிதத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிறகு பாதி. கடைசியில் முழு டாங்கி ஊற்றி, வலப்பக்கம் சாய்ந்த சரிவில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். மிதவைக் கருவியின் கேஸ்கட்டும் குழாய்க் கழுத்தும் அப்போதுதான் உண்மையைச் சொல்லும். ஒன்று கவனியுங்கள்: நிலையத்தின் நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல் குளிர்ந்திருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியில் அது 15 டிகிரி சூடேறினால் 45 லிட்டர் அரை லிட்டருக்கும் மேலாக விரியும். கழுத்து வரை ஊற்றிவிட்டுப் பிற்பகலில் ஒழுகுகிறது என்று டாங்கியைக் குறை சொல்லக்கூடாது. ஒரு வாரம் ஓடிய பின் ரப்பர் படிந்திருக்கும். போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். அதன் பிறகு வண்டி நாள்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் டாங்கியை நிறைத்தே நிறுத்துங்கள். பாதி காலியாக நின்றால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்து, இரவில் நீர்த்துளியாகி அடியில் சேரும்.

பழைய டாங்கியை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். தோட்டப்புறத்தில் பழைய டாங்கியையும் பீப்பாயையும் வெட்டி மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி ஆக்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. கிரைண்டர் சக்கரத்தால் வெட்டும்போது பறக்கும் பொறியும் வெல்டிங்கின் பொறியும் ஒன்றுதான். மிதவைக் கருவியையும் மூடியையும் மாதிரிக்கு எடுத்துக்கொண்டு, எல்லாத் துளைகளையும் திறந்துவிட்டு, வீட்டிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி மரநிழலில் கவிழ்த்து வையுங்கள். பழைய இரும்பு எடுக்க ஆள் வரும்போது இது பெட்ரோல் டாங்கி என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். மேலே சுண்ணாம்பால் எழுதியும் வையுங்கள், ஏனென்றால் எடுத்துப் போகிறவரும் வெட்டுகிறவரும் ஒரே ஆளாக இருக்கமாட்டார்கள்.